சி பிளஸ் பிளஸ்ஸுக்குள் ஆர்: தேயிலை ஃபேக்டரியில் 4 வருடம் ஓட்டியதில் தெரிந்தது

கோத்தகிரி பக்கம் ஒரு ஃபேக்டரியில், வாட்டும் தொட்டியில் கொழுந்து இன்னும் எத்தனை மணி நேரம் கிடக்க வேண்டும் என்று சொல்கிற புரோகிராம் ஒன்று 4 வருடமாக ஓடுகிறது. சென்சாரைப் படிப்பது, போர்டில் எண் காட்டுவது எல்லாம் நான் எழுதிய சி பிளஸ் பிளஸ். கணக்கு மட்டும் புள்ளியியலுக்கான ஆர் மொழியில், குன்னூரில் புள்ளியியல் பாடம் எடுக்கும் என் அத்தை மகன் எழுதியது. "கம்பைல் கிம்பைல் எல்லாம் என்னால ஆகாது மச்சான், ஸ்கிரிப்ட்னா தரேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

முதலில் ஆர் ஸ்கிரிப்டை ஓட்டும் ஆர்ஸ்கிரிப்ட் கட்டளையைத் தனியாக ஓடவிட்டு, எண்களை சிஎஸ்வி கோப்பில் கொடுத்து வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் ஆர் எழுந்து பேக்கேஜ்களை ஏற்றுவதற்குள் ஃபேக்டரியின் பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். அப்புறம்தான் ஆரை சி பிளஸ் பிளஸ்ஸுக்குள் பதிக்கும் ஆர்இன்சைடு என்ற லைப்ரரிக்கு மாறினேன். புரோகிராமுக்குள்ளேயே ஆர் ஒரு முறை எழுந்து உட்கார்ந்துகொள்ளும். எண் வரிசைக்கு (வெக்டர்) ஒரு பெயர் வைத்து உள்ளே தள்ளி, பார்ஸ்இவால் என்று ஒரு வரி எழுதினால் விடை வந்துவிடும். மச்சான் ஸ்கிரிப்டை மாற்றினால் நான் எதையும் திரும்ப கம்பைல் செய்ய வேண்டாம், இந்த ஒன்றுக்காகவே இதை விடவில்லை.

சரி, அடி வாங்கிய கதை. புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓட, தொட்டிக்கு ஒரு திரெட் என்று கெட்டிக்காரத்தனமாகப் போட்டேன். ஸ்கிரிப்டில் தன்னைத் தானே கூப்பிடும் ரிகர்ஷனே இல்லை, ஆனாலும் சி ஸ்டாக் என்கிற நினைவகப் பகுதியின் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பிழை. ஆர் ஒரே திரெட்டில் வாழ்கிற ஆள், ஓடுகிற ஒரு புரோகிராமுக்கு (பிராசஸ்) ஒரே ஒரு ஆர்தான். எல்லாக் கேள்விகளையும் வரிசையில் நிறுத்தி, மெயின் திரெட்டிலிருந்து மட்டும் கூப்பிட்ட பிறகே அடங்கியது.

இன்னொன்று, மறக்கவே முடியாதது. ஐப்பசி மழையில் ஈரப்பத சென்சார் ஒன்று செத்துப்போக, ஸ்கிரிப்ட் ஒழுங்காக என்ஏ, அதாவது மதிப்பு இல்லை, என்றுதான் சொன்னது. நான் அதை சி பிளஸ் பிளஸ்ஸின் முழு எண் வகையான இன்ட் ஆக வாங்கினேன். ஆரில் முழு எண் என்ஏ என்பது உள்ளுக்குள் இன்ட்டின் ஆகக் குறைந்த எண்தான், போர்டில் -2147483648 மணி நேரம் என்று பளிச்சென்று நின்றது. தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் போன் போட்டு, "தம்பி, இந்தக் கொழுந்தை எந்த யுகத்துல பறிச்சிருக்கணும்?" என்றார். இப்போது விடை வந்ததும் முதல் வேலை என்ஏவா என்று பார்ப்பதுதான்.

ஆரின் பாதை கம்பைல் செய்யும்போதே ஆர்இன்சைடில் பதிந்துவிடுகிறது என்பதும், ஆரை வேறு இடத்தில் புதிதாகப் போட்டால் இதையும் மறுபடி கட்ட வேண்டும் என்பதும் ஒரு ராத்திரி முழுக்க முழித்த பிறகே புரிந்தது. விண்டோஸில் விஷுவல் சி பிளஸ் பிளஸ் கம்பைலரோடு ஒத்துப்போகாது, மின்ஜிடபிள்யூ கம்பைலர்தான். உரிமம் ஜிபிஎல் (விநியோகித்தால் மூல நிரலையும் தரச் சொல்வது), மூடிய மென்பொருளாக விற்கிறவர்கள் முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

இன்றைக்குப் புதிதாகத் தொடங்கினால், ஆரை ஒரு சர்வராக ஓட்டும் ஆர்சர்வ் பக்கம் போவேன். ஆர் தனி பிராசஸாக இருக்கும், அது விழுந்தாலும் போர்டு அணையாது. இந்த ஃபேக்டரியையும் மாற்றத்தான் வேண்டும். தை மாத உறைபனியில் கொழுந்து வரத்து குறையும், அப்போது கை வைக்கலாம் என்று டீ மேக்கரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.