டேம்ப் ப்ரூஃப் பெயின்ட்: மாடிக்கு 4/5, ஓதம் ஏறிய உள்சுவருக்கு 1/5

தர்மபுரி, கிருஷ்ணகிரி பெயின்ட் கடைகளில் 'சுவர் ஈரம்' என்றதும் பெரும்பாலும் எடுத்து வைப்பது இந்த டப்பாவைத்தான். மொட்டை மாடிக்கும் வெளிச்சுவருக்கும் நல்ல சரக்கு. விரிசலை அடைத்து, நன்றாகக் காய்ந்த தளத்தில் இரண்டு கோட் கொடுங்கள். இரண்டு கோட்டுக்கும் சேர்த்து லிட்டருக்கு 20 முதல் 30 சதுர அடிதான் வரும். பெயின்டர் தண்ணீரை ஊற்றி இழுத்தால் அடுத்த ஐப்பசியிலேயே ஒழுகும்.

சிக்கல் உள்சுவரில். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் கருங்கல் கடைக்காலுக்கு மேல் ஈரத்தை மறிக்கும் பூச்சு கிடையாது. ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம், மூன்றடி வரை ஏறி, உப்பு பூத்து, காரை பொரிந்து கொட்டும். அதன்மேல் இதை அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். பெயின்ட் கொப்பளித்து உரியும், பூஞ்சணம் பிடிக்கும். சுவரோரம் பாயில் படுக்கும் பிள்ளைக்கு விடாத சளி, இருமல், வீசிங். ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் பள்ளிக்கூடமும் போச்சு.

வாங்குமுன் ஒரு சோதனை: இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் வேர்த்தால் ஓதம். முன்னால் வேர்த்தால் அறைக்காற்றின் ஈரம். ஓசூர், தேன்கனிக்கோட்டைக் குளிரில் ஜன்னலைச் சாத்திவிட்டு, உள்ளேயே சமைத்துத் துணியும் காயப்போடும் லைன் வீடுகளில் இரண்டாவதுதான் அதிகம். அதற்குப் பெயின்டே வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் பாதி தீரும்.

பழைய பெயின்டைச் சுரண்டுவது பற்றிக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாதது ஒன்று உண்டு. பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட், முக்கியமாகக் கதவு ஜன்னலில் உள்ள மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல், ஈயம் கலந்ததாக இருக்கலாம். அதை உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் வீடெங்கும் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். பெரியவர்களைவிட 4-5 மடங்கு ஈயம் அதன் உடம்பில் ஏறும். பாதிப்பு மூளை வளர்ச்சிக்கு, அதுவும் திரும்பாத பாதிப்பு. தண்ணீர் தெளித்து நனைத்தே சுரண்டுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

ஓதத்துக்குச் செய்ய வேண்டியது வேறு. வெளியே சுவரை ஒட்டிய மண் வீட்டுத் தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்க வேண்டும்; குளியலறைத் தண்ணீர் கடைக்காலோரம் தேங்கக் கூடாது. பொரிந்த காரையை ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை கொத்தி எடுத்து, சிமென்ட் இல்லாமல் சுண்ணாம்புக் காரை பூசி வெள்ளையடியுங்கள். வாடகை வீடென்றால் இதற்கு ஓனர் சம்மதிக்க வேண்டும். பாயைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போட அவரைக் கேட்க வேண்டியதில்லை.