117உம் கச்சேரி அனர்த்தப் பிரிவும்: வன்னியில் எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது

வெள்ளம் வந்தால் மீட்புக்கு 117ஐ நம்பலாம். நிவாரணத்துக்கு விதானையாரை, அதாவது கிராம அலுவலரைப் பிடியுங்கள். முன்னெச்சரிக்கைக்கு மட்டும் இந்தச் சேவையை நம்பி ஆற்றங்கரையில் நித்திரை கொள்ள வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்குக்கும் எங்கள் மதிப்பீடு இதுதான்.

117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 24 மணிநேரத் தொலைபேசி இலக்கம். அழைப்பு போய்ச் சேருவது கொழும்புக்கு. அங்கிருந்து கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள மாவட்ட அனர்த்தப் பிரிவுக்குத் தகவல் வரும். படகு பெரும்பாலும் கடற்படையிடமோ இராணுவத்திடமோ இருந்துதான் புறப்படும். அதனால் மாவட்டப் பிரிவின் இலக்கத்தையும் மாரிக்கு முன்பே போனில் பதிந்து வையுங்கள். எடுத்தவுடன் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். பிறகு மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு, கடைசியாக ஊர். ஊரில் தொடங்கினால் பிசகும். புதுக்குளம் என்ற பெயரில் வன்னிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. எத்தனை பேர், அதில் கர்ப்பிணி, நடக்க முடியாதவர் எத்தனை பேர், தண்ணீர் முழங்காலா இடுப்பா, ஏறுதா நிற்குதா, கிட்ட உள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடம் எது. இவ்வளவும் ஒரு நிமிடத்தில் சொல்லி முடியும். மின்சாரம் போனால் போன் கோபுரங்கள் மின்கலத்தில் சில மணிநேரம்தான் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் முற்றத்துக்கு வரும்போதே அழைப்பு எடுங்கள், வீட்டுக்குள் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

நிவாரணம் வேறு வழி. கிராம அலுவலர் பதிந்து பிரதேச செயலகத்துக்கு அனுப்பாத குடும்பத்துக்கு ஒன்றும் வராது. முதலில் சமைத்த உணவு, பிறகு உலர் உணவு. வீட்டுச் சேதத்துக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு வேண்டும். சேற்றை வழிப்பதற்கு முன் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியப் படம் எடுத்து வையுங்கள். 2025 டித்வா புயலுக்குப் பின் வீடு துப்புரவாக்க 25,000 ரூபாய் கொடுத்தார்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணி அனுமதிப்பத்திரம் மூன்றும் ஒரே பொலித்தீன் பையில் இருக்கட்டும். பலமுறை இடம்பெயர்ந்த சனத்திடம் காணிப் பத்திரம் இல்லாமல் போவது இங்கே சாதாரணம். வன்னியில் கோவைகள் அதிகம் தேங்குவது இந்த இடத்தில்தான் என்பது எங்கள் கணிப்பு. வயல் அழிவுக்கு 117 அல்ல, கமநல சேவை நிலையம். மாடு செத்தால் புதைக்க முன் கால்நடை வைத்தியரின் உறுதிப்படுத்தல் எடுங்கள். 2022 டிசம்பர்க் குளிரில் வடக்கில் மாடுகள் கூட்டமாகச் செத்தபோது, காதில் இலக்கத் தகடு இல்லாத மாட்டுக்கு உரிமை காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது.

இனி முன்னெச்சரிக்கை. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கொள்ளளவு 36 அடி. மாரியில் வரும் அறிவித்தல், இத்தனை வான்கதவு இத்தனை அங்குலம் திறக்கப்பட்டது, தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானம் என்று முடியும். பன்னங்கண்டியிலோ முரசுமோட்டையிலோ இருப்பவருக்கு அங்குலக் கணக்கால் என்ன பயன்? கனகராயன் ஆற்றுத் தண்ணீர் எத்தனை மணிக்கு எந்த வீதியை மூடும் என்பதல்லவா அவருக்குத் தேவை? 2018 டிசம்பர் 21, 22 வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. கதவு திறந்த நேரம் பற்றிய சர்ச்சை விசாரணை வரை போனது. அதற்குப் பிறகும் அறிவித்தலின் வாசகம் மாறவில்லை.

காரணம் ஊர் உத்தியோகத்தர்களின் அசட்டை அல்ல. இரணைமடுக் கதவு மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். மன்னாரை மூழ்கடிக்கும் அருவியாறு அநுராதபுரத்திலிருந்து இறங்குகிறது. மாகாணம் தாண்டுவதால் அது மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியது. சனத்தை எழுப்ப வேண்டியது அனர்த்தப் பிரிவு. அதற்குக் கதவின்மேல் அதிகாரம் இல்லை. இந்த மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரக்கூடியவர் பொறுப்பான அமைச்சர் ஒருவர்தான். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்படி அதற்கான தேசிய சபைக்குத் தலைவர் ஜனாதிபதி, உபதலைவர் பிரதமர். 2006இல் தனி அமைச்சு வந்தது. இப்போது நிலையம் பாதுகாப்பு அமைச்சின் கீழ். அந்த அமைச்சு எந்தக் கட்சியிடம் இருந்தாலும் வெள்ளத்துக்குள் இறங்கிப் படம் எடுப்பது அமைச்சர் வேலை அல்ல. கதவு திறக்க முன் ஊரின் பெயரும் நேரமும் போட்ட அறிவித்தல் தமிழில் போக வேண்டும், போகாமல் கதவு திறக்கக்கூடாது என்று இரண்டு திணைக்களங்களையும் கட்டுப்படுத்தும் ஒழுங்கை எழுதி வைப்பதுதான் வேலை. புரட்டாதிக்குள் எழுதினால் இந்த மாரிக்கே உதவும்.

அதுவரை இரணைமடுவுக்குக் கீழே இருப்பவர்கள் மழை நாட்களில் குளத்தின் அடிக்கணக்கைக் காலையும் மாலையும் கேட்டு எழுதுங்கள். 34 தாண்டி மழையும் விடாமல் நின்றால், அறிவித்தலுக்குக் காத்திராமல் நெல் மூட்டையையும் பிள்ளைகளையும் மேட்டுக்கு ஏற்றுங்கள்.