சுண்டா கிராமத்தில் இடம்: வயலா, மலைத்தோட்டமா, ஊருக்குள் மனையா?

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் உள்ள பெக்காசி, கராவாங், புர்வாகர்த்தா தொழிற்பேட்டைகளில் வேலைக்குப் போகும் இந்தியர்களில் சிலர் அங்குள்ள சுண்டா இனத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிடுகிறார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் மனைவியின் ஊரில் இடம் வாங்கலாமா என்ற பேச்சு கிளம்பும். ஊர் காருட்டாக இருக்கலாம், சுமெடாங்காகவோ தாசிக்மலாயாவாகவோ இருக்கலாம். மாமனார் நெல் வயலைக் காட்டுவார். மச்சான் மலைச்சரிவில் நல்ல காட்சி தெரியும் தோட்டத்தைக் காட்டுவான். பக்கத்து வீட்டு அம்மா தன் கொல்லைப்புறத்தையே தரத் தயார் என்பார். மூன்றையும் சேர்த்துவைத்துப் பார்த்தால் என் ஓட்டு கொல்லைப்புறத்துக்குத்தான். அதுவும் முதலில் வாடகைக்கு ஒரு வருஷம் இருந்து பார்த்த பிறகு.

இடத்தைப் பார்க்கும் முன் யார் பேரில் என்பதை முடித்துவிட வேண்டும். 1960-ஆம் ஆண்டு நிலச்சட்டப்படி முழு உரிமை, அதாவது 'ஹாக் மிலிக்', இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டவருக்குக் கிடைப்பது 'ஹாக் பாகாய்' என்ற பயன்பாட்டு உரிமை. அரசு நிலத்தில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. ஆனால் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்குக் குறைந்தபட்ச விலை வரம்பு இருக்கிறது. கிராமத்து வீடு பெரும்பாலும் அந்தத் தொகையை எட்டாது. நண்பன் பேரில் வாங்கிவைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டவருக்கு நேராகவோ சுற்றிவளைத்தோ உரிமை போய்ச்சேரும் ஏற்பாடு செல்லாது என்று அதே சட்டம் சொல்கிறது. போட்ட பணமும் திரும்பாது.

மனைவி பேரில் வாங்கினால் சரிதானே? அதிலும் ஒரு சிக்கல். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கும் சொத்து இருவருக்கும் பொது என்பது 1974 திருமணச் சட்டம். பாதி வெளிநாட்டவருடையது ஆகிவிடுவதால் மனைவியின் ஹாக் மிலிக் உரிமையே கேள்விக்குள்ளாகும். சொத்தைப் பிரித்து எழுதிய திருமண ஒப்பந்தம் இருந்தால் இந்த வம்பு இல்லை. முன்பெல்லாம் அதைக் கல்யாணத்துக்கு முன்பே எழுத வேண்டும். 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, கல்யாணமான பிறகும் எழுதலாம். நோட்டரியிடம் எழுதிப் பதிவும் செய்துவிட்டு அப்புறம் இடத்தைப் பார்க்கப் போங்கள்.

முதலில் வயல். ஊர்க்காரர்கள் பரப்பை 'தும்பாக்' கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு தும்பாக் 14 சதுர மீட்டர். 100 தும்பாக் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 35 சென்ட். ஹெக்டேருக்கு ஐந்தரை, ஆறு டன் என்று வைத்தால் இதில் ஒரு போகத்துக்கு 800 கிலோ நெல் வரும். 2025-இல் அரசு வைத்த கொள்முதல் விலை கிலோவுக்கு 6,500 ரூபியா. மொத்தம் 52 லட்சம் ரூபியா. நீங்கள் சேற்றில் இறங்கப்போவதில்லை, வாரத்துக்குத்தான் விடுவீர்கள். பாதிக்குப் பாதி பிரிப்பது அங்கே பழைய வழக்கம், 'மாரோ' என்பார்கள். உங்கள் பங்கு 26 லட்சம். இரண்டு போகத்துக்கு வருஷம் 52 லட்சம், அதாவது சுமார் 28,000 இந்திய ரூபாய். அதிலும் விதை, உரச் செலவில் பங்கு கேட்டால் கொடுக்க வேண்டும். மேற்கு ஜாவாவிலேயே உள்ள பஞ்சார் நகரில் 2024-இன் குறைந்தபட்ச மாதக்கூலியே சுமார் 20.7 லட்சம் ரூபியா. 35 சென்ட் வயல் வருஷம் முழுக்கத் தருவது அந்த ஊர்க் கூலியில் இரண்டரை மாதம். வீட்டுக்கு அரிசி வரும், வருமானம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

வயலைப் பிறகு மனையாக்கி விற்கலாம் என்ற கணக்கும் உதைக்கும். உணவுப்பயிர் நிலப் பாதுகாப்புக்கு 2009-இல் வந்த 41-ஆம் எண் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட வயலில் வீடு கட்ட முடியாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: நிலம் இருக்கும் வட்டாரத்துக்கு வெளியே குடியிருப்பவர் விவசாய நிலம் வைத்திருக்கக்கூடாது என்று 1961-லிருந்தே விதி. பக்கத்து வட்டாரம் என்றால் சலுகை உண்டு. மீறுகிறவர்கள் நிறைய. ஆனாலும் பெக்காசியில் முகவரி வைத்துக்கொண்டு காருட்டில் வயல் வாங்க, வெளிநாட்டு மாப்பிள்ளை இருக்கும் குடும்பம் துணியக்கூடாது.

அடுத்து மலைத்தோட்டம். பார்த்தவுடன் மயங்கவைப்பது இதுதான். காலையில் மூட்டம், கீழே படிப்படியாய் வயல், தூரத்தில் சிக்குராய் மலை. விலையும் மலிவு. மலிவுக்குக் காரணம் தேடினால் கிடைக்கும். பாதை அடுத்தவன் தோட்டம் வழியாகப் போகும், தண்ணீர் குழாயில் இழுக்க வேண்டும், மேல் எல்லை அரசு வனத்தில் முட்டும். இன்னும் மலிவாகக் கிடைத்தால் அது பெரும்பாலும் 'காராபான்'. பழைய தேயிலைத் தோட்ட நிலத்திலோ அரசு நிலத்திலோ பயிர்செய்துவந்தவர், பயிர்செய்யும் அனுபவத்தை மட்டும் கைமாற்றுகிறார். ரசீது இருக்கும், முத்திரைத்தாள் இருக்கும், நிலம் மட்டும் உங்களுடையது ஆகாது.

அப்புறம் மண்சரிவு. 2021 ஜனவரியில் சுமெடாங்கின் சிமாங்குங்கில் சரிவை ஒட்டிக் கட்டிய குடியிருப்பின்மேல் மண் சரிந்து 40 பேர் இறந்தார்கள். சரிவில் காட்டேஜ் கட்டி வாடகைக்கு விடலாம் என்பவர்கள் போகோர் பக்கத்து மலைப்பகுதியான புஞ்சாக்கையும் பார்க்க வேண்டும். 2025 மார்ச் வெள்ளத்துக்குப் பிறகு அங்கே ஒரு சுற்றுலாப் பூங்காவையே இடிக்கச் சொன்னார் ஆளுநர் டெடி முல்யாடி.

ஊருக்குள் மனையில், அதாவது அந்தக் கொல்லைப்புறத்தில், கண்ணைக் கவர எதுவும் கிடையாது. முன்னால் சந்து, பின்னால் 'பாலோங்' என்னும் மீன்குளம், அதில் திலாப்பியா மீனோ குராமி மீனோ ஓடும், வேலியோரம் வாழையும் கொய்யாவும். ஆனால் மின்சாரம் இருக்கிறது, பைக் வாசல்வரை வரும், இரவில் காவல் சுற்ற ஆள் இருக்கிறது. பத்திரத்தில்தான் வேலை. பழைய இடங்களுக்கு 'கிரிக்' என்ற வரிச்சீட்டும் கிராம அலுவலகத்தின் 'லெத்தர் சே' பதிவேட்டில் ஒரு வரியும்தான் இருக்கும். 2021-இல் வந்த 18-ஆம் எண் அரசாணை இவற்றைப் பதிவுசெய்ய ஐந்து ஆண்டு கெடு கொடுத்தது. 2026 பிப்ரவரியோடு கெடு முடிந்தது. இனி கிரிக் ஒரு துப்பு, உரிமைச் சான்று அல்ல. ஆகவே சான்றிதழ் வாங்கித்தரும் செலவு விற்பவருடையது என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த தொல்லை வாரிசுகள். பக்கத்து வீட்டு அம்மா விற்கத் தயார் என்றாலும் இடம் இன்னும் செத்துப்போன தாத்தா பேரிலேயே இருக்கும். பெண்களுக்கும் பங்கு உண்டு. ஆறு பிள்ளைகளில் ஒருத்தி சவுதியில் வீட்டுவேலை செய்கிறாள் என்றால் அவள் கையெழுத்தும் வேண்டும். சியாஞ்சூர், சுக்காபூமி பக்கம் இது அன்றாடக் கதை. ஒரு கையெழுத்து குறைந்தாலும் முன்பணம் கொடுக்காதீர்கள். பத்து வருஷம் கழித்து அந்த மகளின் பிள்ளை வந்து நிற்பான், நியாயமும் அவன் பக்கம் இருக்கும்.

கட்டும்போது செங்கல்தான் கௌரவம் என்பார்கள். 2022 நவம்பர் 21 அன்று சியாஞ்சூரைக் குலுக்கிய நிலநடுக்கம் 5.6 அளவுதான், நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கம்பி கட்டாத செங்கல் சுவர்கள் விழுந்துதான் பலர் போனார்கள். சுண்டாக்காரர்களின் பழைய வீடு தரையிலிருந்து தூக்கிக் கட்டியது. கல் மேல் மரக்கால், மூங்கில் தட்டிச் சுவர், மேலே பனைநார்க் கூரை. தாசிக்மலாயாவின் கம்புங் நாகாவில் இன்றும் அப்படித்தான். ஆடும், சாய்ந்தாலும் ஆளை நசுக்காது. கறையானும் குளிரும் பழகிக்கொள்ள வேண்டியவை. வசதி இருந்தால் கம்பி கட்டிய தூணும் விட்டமும் போட்டு அரைச் சுவர் செங்கல், மேலே மூங்கில் என்று கட்டலாம்.

வாழ்க்கை எப்படி என்றால், சாப்பாடு பிரச்சினை இல்லை. பச்சைக் காய்கறி 'லாலாப்', சம்பல், வறுத்த மீன், வாழையிலையில் கொட்டிச் சேர்ந்து சாப்பிடும் லிவெத் சோறு. சைவமென்றால் தோஃபுவும், புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பேவும் உண்டு, சம்பலில் இறால் விழுது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கஷ்டம் வேறு. இளவட்டம் முழுக்க ஆலைகளுக்குப் போய்விடும், நோன்புப் பெருநாளில்தான் ஊர் நிறையும். சுகாதார நிலையம் பக்கத்தில் இருக்கும், பெரிய சிகிச்சைக்கு மாவட்டத் தலைநகர் போக வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் ஊரில் யாருக்கும் பிடிக்காது.

விலையேற்றத்தை நம்பி வாங்குகிறவர்கள் சுமெடாங் பக்கம் பார்க்கலாம். 2023-இல் சிசும்டாவு சுங்கச்சாலை முழுதாகத் திறந்தபின் மாகாணத் தலைநகர் பாண்டுங் கைக்கெட்டும் தூரம். ஆனால் அந்த லாபத்தில் பெரும்பகுதி முன்பே வாங்கிப்போட்டவர்களுக்குப் போயாயிற்று. தெற்கு காருட்டில் அமைதி இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. அங்கே வாங்குவதென்றால் குடியிருக்க மட்டும்.

விலை பேசும்போது மேல்செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்குபவருக்கு விலக்குத்தொகை போக 5 சதவீத வரி, விற்பவருக்கு 2.5 சதவீதம், பத்திரம் எழுதும் அதிகாரிக்கு அதிகபட்சம் 1 சதவீதம். விற்பவரின் வரியையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதை விலையில் கழித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.