பழைய கணினிக்கு விண்டோஸ் 11ஆ, லினக்ஸ் மிண்ட்டா?

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் இருப்பது இன்டெல் 6ஆம் தலைமுறைக் கணினி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது பெரும்பாலும் 8ஆம் தலைமுறைக்குக் கீழே ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்ற வன்பொருள் பாதுகாப்பு வசதியை வேறு கேட்கிறது. குறுக்குவழி உண்டு, நான் அதை நம்பமாட்டேன்.

லினக்ஸ் மிண்ட் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளம். இலவசம், 4 ஜிபி ரேமிலேயே ஓடும், பென்டிரைவில் ஏற்றி, உள்ளே இருப்பதை அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம் (ஏறக்குறைய 3 ஜிபி கோப்பை இறக்க, இங்கே வரும் லைனுக்கு ஒரு ராத்திரி போனது வேறு கதை). தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மைக்ரோசாஃப்ட் வேர்டு நேரடியாக ஓடாது. அதற்குப் பதிலான இலவச மென்பொருள் லிப்ரே ஆபீஸில் திறந்தால் தங்கச்சியின் பள்ளிக் கோப்புகளில் அட்டவணை நகர்ந்துவிடுகிறது. அவளுக்கு விண்டோஸ்தான் சரி, எனக்கு மிண்ட் போதும்.