புரூக்ஸ் முகாம், அலாஸ்கா: கரடி பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை

கட்மாய் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற இந்த முகாமுக்கு ஜூலையில் போங்கள், சால்மன் மீன்கள் அருவியில் துள்ளி ஏறும் மாதம். இறங்கியதும் எல்லோருக்கும் கட்டாயப் பாதுகாப்பு வகுப்பு, அதற்கே முழு மதிப்பெண் தருவேன். ஏனென்றால் எல்லாக் கரடியும் ஒரே குணம் இல்லை: கருங்கரடி பெரும்பாலும் பயந்து மரமேறிவிடும், பழுப்புக் கரடி திறந்தவெளியில் வளர்ந்த இனம், குட்டிக்கு ஆபத்து என்று நினைத்தால் ஓடாமல் எதிர்த்தே வரும், நம் காட்டுத் தேன்கரடியோ புலியையே எதிர்த்து நிற்கும். ஆனால் இங்கே மீன் ஏராளம் என்பதால் பழுப்புக் கரடிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று பொறுமையாகச் சாப்பிடுகின்றன, அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வர வேண்டும். அருவி மேடையில் இடம் குறைவு, காத்திருக்க வேண்டிவரும். செலவும் அதிகம்தான், சிறிய விமானத்தில்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். சேர்த்து வைத்தாவது போங்கள்.