ஸ்டீரியோ இல்லாத ஆம்னியில் வானொலி: ஏற்காட்டு மலைப்பாதையில் பார்த்த சோதனை

என்னுடைய பழைய ஆம்னி வேனில் ஸ்டீரியோ கிடையாது. டேஷ்போர்டில் அதற்கென விடப்பட்டிருக்கும் சதுரப் பொந்தில் எடைச் சீட்டுகளைச் செருகி வைத்திருக்கிறேன். ஏற்காட்டிலிருந்து மிளகும் காப்பிக்கொட்டையும் ஏற்றிக்கொண்டு வாரம் இருமுறை சேலம் லீ பஜாருக்கு வந்து திரும்பும் எனக்கு, வழித்துணை வானொலிதான். இன்னும் ஓராண்டில் கைமாற்றிவிட நினைக்கும் வண்டிக்கு ஸ்டீரியோவும் ஸ்பீக்கரும் ஒயரிங்கும் என்று செலவழிக்க மனம் வராததால், தனியாக வைத்துக் கேட்கும் வழிகளை ஒவ்வொன்றாக வாங்கியும் இரவல் பெற்றும் பார்த்தேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. சேலத்தில் ஒரு கடையில் வானொலி கேட்க வேண்டும் என்று சொன்னதற்கு, 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் ‘எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்’ ஒன்றை எடுத்து நீட்டினார்கள். அது கைபேசியிலுள்ள பாட்டைப் பண்பலையாக மாற்றி வண்டியின் ஸ்டீரியோவுக்கு அனுப்பும் கருவி. ஸ்டீரியோவே இல்லாதவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கைபேசியில் பண்பலை கேட்பது செலவில்லாத வழி. ஆனால் புதிய கைபேசிகள் பலவற்றில் அந்த வசதியே இருப்பதில்லை. இருக்கும் கைபேசிகளிலும் இயர்போன் ஒயர்தான் ஏரியலாக வேலை செய்கிறது. ஒயரைச் செருகிவிட்டு ஒலியை ஸ்பீக்கருக்கு மாற்றிக் கேட்கலாம் என்றாலும், இருக்கைக்கு அடியிலேயே எஞ்சின் உறுமும் ஆம்னியில் கைபேசியின் ஒலி போதவில்லை. இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஓட்டுவதை நான் சோதிக்கவே இல்லை. இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டிய பாதையில், வளைவுக்கு அப்பால் கேட்கும் ஹாரனைவிட முக்கியமான நிகழ்ச்சி எதுவும் வானொலியில் வந்துவிடப் போவதில்லை.

இணையம் வழியாகக் கேட்க, பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலி இருக்கிறது. அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை தெளிவாக ஒலித்தது. மலையேறத் தொடங்கியதும் சிக்னல் விட்டுவிட்டு வந்து, செய்தியின் பாதி ஒரு வளைவிலும் மீதி அடுத்த வளைவிலுமாகக் கேட்டது. நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒலிபரப்பாகும் நிலையத்துக்கு மணிக்குச் சுமார் 29 மெகாபைட்தான் ஆகும் என்பதால் டேட்டா செலவு ஒரு பொருட்டல்ல.

அடுத்தது, பண்பலையும் புளூடூத்தும் சேர்ந்த சிறிய ஸ்பீக்கர். எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்கும் அளவுக்கு இதில் ஒலி உண்டு. சேலம் நகருக்குள் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் வாங்கியதில் தனி ஏரியல் கிடையாது, சார்ஜ் ஒயரே ஏரியல். அந்த ஒயரை வண்டியின் யூ.எஸ்.பி. சார்ஜரில் செருகினால் கரகரப்பு நிலையத்தை விழுங்கிவிடுகிறது. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் மலிவான சார்ஜர்கள் எழுப்பும் மின் இரைச்சல்தான் காரணம். வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு, ஒயரை வண்டியில் எதிலும் செருகாமல் கண்ணாடியோரம் தொங்கவிட்டபோது பெருமளவு சரியாயிற்று.

இறுதியில் நிலைத்தது, இரண்டு பென்சில் செல்லில் ஓடும், இழுத்து நீட்டும் ஏரியல் கொண்ட சிறிய டிரான்சிஸ்டர். ஒலித்தரத்தில் ஸ்பீக்கருக்கு அது ஈடாகாது. ஆயினும் 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் கால் பங்கான 75 சென்டிமீட்டரை நெருங்கும் ஏரியல் இருந்து, அது தகரக் கூண்டுக்குள் முடங்காமல் கண்ணாடியை ஒட்டி நின்றால், சுமாரான வானொலியும் நன்றாகப் பிடிக்கிறது. முன்கண்ணாடியின் இடது மூலையில் வைத்து ஏரியலைச் சாய்த்துவிட்டால், மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பெரும்பாலானவற்றைத் தடையின்றிக் கடக்கலாம். தெற்கே சமவெளி திறந்து தெரியும் திருப்பங்களில், கொடைக்கானல் பண்பலை 100.5 பக்கத்து வீட்டிலிருந்து வருவதைப்போல ஒலிக்கும். மலைச்சரிவு மறைக்கும் இடத்தில் அது இரைச்சலாகிவிடும். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், உயரத்திலிருக்கும் இரண்டு மலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் தொலைவு பெரிதாகத் தடுப்பதில்லை.

மத்திய அலை (ஏ.எம். என்னும் மீடியம் வேவ்) இதற்கு நேர்மாறானது. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ், சரிவு மறைத்தாலும் அறுபடாமல் வந்தது. பெட்ரோல் வண்டி என்பதால் ஸ்பார்க் பிளக்கின் ‘டக் டக்’ ஓசையும் உடன் வரும். டீசல் வண்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்த அலையை வாங்குவது வெளியே இழுக்கும் ஏரியல் அல்ல, வானொலிக்குள் இருக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருளாலான தண்டுதான். தண்டின் முனை நிலையத்தை நோக்கும்போது ஒலி மங்கும் என்பதால், கொண்டை ஊசி வளைவில் வண்டி பாதி திரும்பும் நேரத்தில் குரல் தேய்ந்து, முழுதாகத் திரும்பியதும் மீண்டு வருகிறது. சில நாட்களில் ஸ்டீரிங்கைப் பிடித்த கையே அந்தத் தேய்வை எதிர்பார்க்கப் பழகிவிட்டது.

குறையென்று சொன்னால், டேஷ்போர்டின் மேல் டிரான்சிஸ்டர் நிற்பதில்லை. ரப்பர் விரிப்பும் அகலமான வெல்க்ரோ பட்டையும் போட்டேன். ஏரியலை நீட்டியபடியே விட்டுக் கதவைச் சாத்தியதில் ஒருமுறை அதன் நுனி வளைந்தது; இடுக்கியால் நிமிர்த்தியபோது கடைசிக் கண்ணி கையோடு வந்துவிட்டது. இப்போது ஒரு சாண் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 100.5 முன்புபோலவே வருகிறது.