பேசின் பிரிட்ஜா, எண்ணூர் முகத்துவாரமா? கறுப்பு வெள்ளையில் பாலமும் மனிதர்களும்

பாலமும் அதனோடு ஓர் ஆளும் இருக்கிற மாதிரி கறுப்பு வெள்ளையில் படம் எடுக்க வேண்டும் என்றால், வடசென்னையில் எனக்குத் தோன்றுவது இரண்டு இடங்கள். ஒன்று, பேசின் பிரிட்ஜ் சாலைப் பாலம். இன்னொன்று, எண்ணூர் முகத்துவாரத்தைக் கடக்கும் ரயில் பாலம். இரண்டுக்கும் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலிலேயே போய்விடலாம். இரண்டிலும் எடுத்துப் பார்த்துவிட்டு நான் எண்ணூரைப் பிடித்துக்கொண்டேன்.

பேசின் பிரிட்ஜின் பலம் அங்கே நடமாடும் மக்கள். மீன்பாடி வண்டியை எழுந்து நின்று மிதிப்பவர், மூட்டை சுமப்பவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். கீழே சென்ட்ரலிலிருந்து வரும் தண்டவாளங்கள் வடக்கும் மேற்குமாகப் பிரியும். எந்த நேரம் போனாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. எண்ணூரில் அந்த உத்தரவாதம் கிடையாது.

அப்படியிருந்தும் எண்ணூர் ஏன்? ஆள் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும் என்பதற்காக. கலர் படத்தில் இந்த வேலையை நிறமே செய்துவிடும். நீலத் தார்ப்பாய் போட்ட லாரிக்கு முன்னால் சிவப்புப் புடவை கட்டியவர் நடந்தால் கண் உடனே அவரிடம் போகும். அதையே கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள்: புடவையும் தார்ப்பாயும் கிட்டத்தட்ட ஒரே அடர்சாம்பலாகி, ஆள் லாரிக்குள் கரைந்துபோவார். பேசின் பிரிட்ஜில் பின்னணி முழுக்க லாரி, கம்பி, மின்கம்பம், சுவர். அப்புறம் கம்ப்யூட்டரில் சிவப்பை மட்டும் வெளுப்பாக்கிச் சமாளிக்கலாம்தான், ஆனால் அடுத்த ஆள் வேறு நிறச் சட்டையில் வருவார்.

முகத்துவாரத்தில் பின்னணி தண்ணீர். காலையில் மேற்குக் கரையில் நின்று கடல் பக்கம் பார்த்தால், எதிர்வெயிலில் அது வெள்ளித் தகடாகிவிடும். அதில் நிற்பவர் என்ன நிற உடை போட்டிருந்தாலும் கறுப்பு உருவமாகத் தெரிவார். வீச்சுவலையைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு ஒருவர், இடுப்பளவு நீரில் பறியை (பிடித்ததைப் போடும் கூடையை) வாயில் கவ்வியபடி கையால் துழாவி இறால் பிடிக்கும் இன்னொருவர்: குனிந்த முதுகும் பறியும் அந்த வெளிச்சத்தில் ஒரே கோடாகச் சேரும். முகம் தெரியாவிட்டாலும் என்ன வேலை செய்கிறார் என்பது தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஆளைப் பெரிதாகக் காட்டத் தாழ்ந்து உட்கார்ந்து எடுக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் தலை பாலத்தின் இரும்பு விட்டத்தில் போய் முட்டும், கறுப்பில் கறுப்பு சேர்ந்துவிடும். கரையில் கொஞ்சம் மேடான இடத்தில் நின்றால்தான் ஆள் முழுக்கத் தண்ணீர்ப் பின்னணிக்குள் அடங்குவார். பாலத்தூண்களின் நிழலும் தண்ணீரில் கறுப்பாக நீளும். இரண்டு நிழல்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளிக்கு அவர் வரும்வரை பொறுக்க வேண்டும். போனில் எடுத்தால் திரையில் தண்ணீர் இருக்கும் இடத்தை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள். போனே தானாக வெளிச்சத்தை முடிவுசெய்ய விட்டால் ஆளைத் தெளிவாக்கப் போய்த் தண்ணீர் வெளுத்துவிடும்.

ரயில் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. ரயில் வந்தால் பார்வை மேலே போய்விடும், கீழே நிற்கும் மனிதர் வெறும் புள்ளியாகிவிடுவார் என்பது என் எண்ணம். பாலத்தின் மேல் ஏறி எடுக்கவே வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்பதோடு, 1989 ரயில்வே சட்டப்படி அது அத்துமீறலும்கூட. அதேபோல், தண்ணீரில் நிற்பவர்கள் பிழைப்புக்காக நிற்கிறார்கள். கரையேறும்போது ஒரு வார்த்தை பேசி, படத்தைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள்.

நான் சொல்வதெல்லாம் வெயில் காலக் காலைகளை வைத்துத்தான். மழை மாதங்களில் அங்கே அதிகம் எடுத்ததில்லை. மேகமூட்டத்தில் தண்ணீர் வெறும் சாம்பலாகக் கிடந்தால் இந்தக் கணக்கு நிற்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். பிலிமிலும் எனக்குப் பழக்கம் குறைவு.

பேசின் பிரிட்ஜ்தான் உங்களுக்குப் பக்கம் என்றால், வெயில் சாய்ந்த பிறகு சூரியனைப் பார்த்து நின்று எடுத்துப் பாருங்கள். எதிர்வெயில் பட்டால் தார்ச்சாலையும் கொஞ்ச நேரம் பளபளக்கும். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால், நடப்பவரின் பின்னணியில் லாரிக்குப் பதில் அந்தச் சாலை வந்துவிடும்.